பின்பாதிக்குக் காசு கொடுத்த கதை

மூன்று சக்கரமாக மாற்றப்போகிற சைக்கிளில் முதல் வேலையே பின் சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைப்பதுதான். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்கு ஓடித் தேய்ந்த சைக்கிள் ஒன்றை, பின் டயர் புதுசு, செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஃப்ரீவீல் புதுசு, பின் ரிம்மில் கோட்டமே இல்லை என்று பார்த்துப் பார்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த மூன்றும் இன்று என் பட்டறைப் பரணில் கிடக்கின்றன. வண்டியில் மிஞ்சியது நான் சரியாகப் பார்க்காத முன்பாதி. அது வளைந்திருந்தது.

இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னைப் போல இரண்டு முறை வாங்க வேண்டாம் என்றுதான் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

யாருக்கு, எதற்கு

பெரியப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது, கை பாதிதான். கம்பு ஊன்றி நடப்பார். ஆனால் நின்ற இடத்தில் சட்டென்று திரும்பினால் தள்ளாடிவிடுவார். ஏரியைச் சுற்றியிருக்கும் பங்களாக்களில் தோட்ட வேலை பார்த்தவர். கத்தரியும் மண்வெட்டியும் கேரியரில் கட்டி முப்பது வருடத்துக்கு மேல் அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்.

"காலையில ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வரணும்டா. வேற எங்கயும் போகலை" என்றார். அவ்வளவுதான் கோரிக்கை.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தருகிற, கையால் சுற்றி ஓட்டும் வண்டியை முதலில் யோசித்தோம். அதற்கு இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். இவருக்குக் காலை விடக் கைதான் மோசம். காலுக்குப் பயிற்சி தருகிற பெண்ணும், விழாத வண்டியாக இருந்தால் பெடல் மிதிப்பது நல்லதுதான் என்று சொன்னார். பழைய சைக்கிள் ஒன்றை எடுத்துப் பின்னால் இரண்டு சக்கரத்துக்கான அச்சு கட்டுவது என்று முடிவானது. நான் மூஞ்சிக்கல் பக்கம் பைக் மெக்கானிக். வெல்டிங் கொஞ்சம் வரும். தைரியம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ரோடு சொல்வதை முதலில் கேட்க வேண்டும்

கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டியது. சுற்றியோடும் ரோடு சுமார் 5 கிலோமீட்டர். இந்த ஊரில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி சமமாக இருக்கிற ரோடு கிட்டத்தட்ட அது ஒன்றுதான். வாடகை சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கேயே நிற்பதற்கும் அதுதான் காரணம்.

பெரியப்பா வீடு ஏரி ரோட்டுக்கு மேலே, ஒரு சந்தில். இருநூறு மீட்டர்தான், ஆனால் செங்குத்து. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் ரோட்டில் போவது 10 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டே மிதிப்பது மாதிரி. ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. நல்ல ஆளுக்கே மூச்சு வாங்கும். ஆகவே ஏற்றத்தில் மிதிப்பது கிடையாது, இறங்கித் தள்ளுவது, தள்ள ஒரு ஆள் கூட வருவது என்று பேசி முடித்துவிட்டோம். இறக்கத்தில்? அங்கேதான் பிரேக் வருகிறது. மலையில் வண்டி பார்க்கிறவன் பெடலைப் பார்க்கும் முன் பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்பதை நான் இரண்டாவது சைக்கிளில்தான் கற்றேன்.

வாசலில் நின்ற மூன்று வண்டிகள்

முதலாவது பெரியப்பாவின் சொந்த வண்டி. கருப்புப் பெயின்ட், 28 இன்ச் சக்கரம், பார் வைத்தது, கம்பி பிரேக். பைப்புகளை மூட்டில் செருகிப் பித்தளை வைத்துப் பற்றவைத்த ஃபிரேம், இரும்பு இரும்பாகவே இருந்தது. அதைத்தான் மாற்ற வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார்.

எனக்கும் ஆசைதான். ஆனால் இடது காலை அந்தப் பாருக்கு மேல் தூக்கிப் போட அவரால் முடியாது. அடுத்தது பிரேக். குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் கட்டை ரப்பர் உரசுகிற பிரேக் அது. காய்ந்த ரோட்டில் பரவாயில்லை. மழையில் நனைந்த ரிம் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மூன்றாவது, மிதி. முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 இன்ச் சக்கரம் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போகும். பாதி பலம் உள்ள காலுக்கு அது பெரிய அடி. பின்னால் சின்னச் சக்கரம் போட்டால் குறையாதா என்று கேட்கலாம். குறையும். ஆனால் முன்னே பெரியது, பின்னே சின்னது என்று போட்டால் வண்டி பின்பக்கமாகக் குந்தும், சீட் சாயும், பெடல் தரைக்கு இறங்கும், ஹேண்டில் தானாகவே பக்கவாட்டில் விழப் பார்க்கும். மூன்று சக்கரமும் ஒரே அளவில் இருப்பது போல நிம்மதி எதுவும் இல்லை.

இரண்டாவது, அக்கா மகன் கொண்டுவந்து நிறுத்தியது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், கியர், பளபளவென்ற ஸ்டிக்கர். "மாமா, இது செம வண்டி" என்றான். செம வண்டிதான், இந்த வேலைக்கு மட்டும் ஆகாது. பின் ஷாக் உள்ள ஃபிரேமில் பின்பாதி மேலும் கீழும் ஆடும். அச்சுச் சட்டத்தின் தாங்குகம்பியை எதில் போய்ப் பிடிப்பது? அலுமினிய ஃபிரேம் என்றாலும் இதே பதில்தான். நம்மூர் பட்டறையில் அதில் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட இடம் பலம் இழந்துவிடும்.

மூன்றாவதுதான் நான் 1,800 கொடுத்தது. சீசன் முடிந்து வாடகைக் கடையில் கழித்துக் கட்டிய லேடீஸ் சைக்கிள். 24 இன்ச், பார் கிடையாது, ஒற்றை கியர், இரும்பு ஃபிரேம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எல்லாமே பொருத்தம். பின் ஆக்ஸில் உட்காரும் வாய் பின்பக்கமாகத் திறந்திருந்தது. அச்சை முன்னே பின்னே இழுத்துச் செயினை இறுக்க அந்த அமைப்பு வேண்டும்.

வளைந்தது எது

அச்சு கட்டி முடித்து ஓட்டிப் பார்த்தபோது வண்டி இடது பக்கமே இழுத்தது. ரோட்டின் சரிவு என்று நினைத்தேன். பேருந்து நிலையத்துப் பக்கம் சமதளத்தில் விட்டேன், அங்கேயும் இடது. அச்சு கோணலோ என்று அரை நாள் அளந்தேன். அச்சு நேர்.

கடைசியில் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஹேண்டில் செருகும் ஹெட் பைப்புக்கு நேர் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து பார்த்தேன். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, விரல் கனம் அளவுக்கு. கீழ் பைப்பின் அடிப்பக்கம், மூட்டிலிருந்து இரண்டு இன்ச் தள்ளி விரலை ஓட்டினால் துணிச் சுருக்கம் போல ஒரு மடிப்பு தட்டுப்பட்டது. பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் மயிரிழையாக வெடித்திருந்தது. எதிலோ நேராகக் கொண்டுபோய் மோதியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் எடுக்கிற பிள்ளைகள் கம்பி வேலியில் மோதுவது தினம் நடக்கிறதுதானே.

இரண்டு சக்கரமாக இருந்தவரை இது யாருக்கும் தெரிந்திருக்காது. சைக்கிள் கொஞ்சம் இழுத்தால் நம் உடம்பு நமக்கே தெரியாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து சரிசெய்துகொள்ளும். மூன்று சக்கரம் சாயாது. தரையோடு ஆணி அடித்த மாதிரி நிற்கும். ஃபோர்க்கில் உள்ள கோணல் அப்படியே ஹேண்டிலுக்கு வரும், ஓட்டுகிறவர் முழு நேரமும் எதிர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை விழுந்தவரிடம் அப்படி ஒரு வண்டியைக் கொடுக்க முடியுமா?

ஃபோர்க்கை நிமிர்த்தலாம் என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர். நிமிர்த்தலாம். ஆனால் திருப்பத்தில் வரும் பக்கவாட்டு இழுப்பை எல்லாம் மூன்று சக்கர வண்டியில் முன் ஃபோர்க்கும் முன் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளும்தான் வாங்குகின்றன, வண்டி சாய்ந்து அதைத் தணிக்காது. ஒரு முறை வளைந்து நிமிர்ந்த இரும்பை அந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபிரேமிலும் மடிப்பு இருந்தது. கழித்தாயிற்று.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. பின் சக்கரத்தை எடுத்துவிட்டால் பின் பிரேக்கும் போய்விடுகிறது, கட்டை உரச அங்கே ரிம் இல்லை. வண்டியோடு வருகிற ஒரே பிரேக் முன் பிரேக். அந்த வாடகை வண்டியில் அதுவும் இரும்பு ரிம், தகரம் போன்ற பிரேக். ஆக, பழைய சைக்கிளில் நாம் உண்மையில் வாங்குவது ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங் கப்பு, முன் சக்கரம், முன் பிரேக். நான் பார்த்து வாங்கியதோ டயரும் ஃப்ரீவீலும்.

காந்தமும் சணல் கயிறும்

இரண்டாவது வண்டி ஆட்டுவம்பட்டிப் பக்கம் பழைய இரும்பு எடுப்பவரிடம் கிடைத்தது. பின் சக்கரம் எட்டு போல வளைந்து கிடந்தது. செயின் இல்லை, சீட் இல்லை. "பின் வீலே இல்லாத வண்டிய வச்சு என்னப்பா செய்யப்போற?" என்று அவரே கேட்டார். 700 ரூபாய்.

இந்த முறை பாக்கெட்டில் பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் இருந்தது. அது ஃபிரேமில் ஒட்ட வேண்டும், ஃபோர்க்கில் ஒட்ட வேண்டும், முன் ரிம்மில் ஒட்டக் கூடாது. ரிம்மில் ஒட்டாவிட்டால் அலுமினியம், மழையிலும் பிரேக் பிடிக்கும். ஒட்டவில்லை. ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற வி-பிரேக் மாட்டும் முளைகள் இருந்தன. அதைப் பார்த்ததுமே பாதி முடிவு செய்துவிட்டேன், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் சணல் கயிறு. பின் ஆக்ஸில் உட்காரும் வாய் ஒன்றில் கட்டி, ஹெட் பைப்பைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்க வாயில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் பைப்புக்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தால் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 31 மில்லிமீட்டர், மறுபக்கம் 32. போதும். இதில் ஐந்தாறு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், அந்த வாயில் மாட்டும் அச்சும் கோணலாகவே உட்காரும், முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரங்கள் ஒரு பக்கமும் இழுக்கும்.

முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினேன். நடுவில் வந்ததும் ஏதோ பள்ளத்தில் விழுந்தது போல நின்றது. கப்புக்குள் பால்ரஸ் ஒரே இடத்தில் குத்திக் குத்திப் பள்ளம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு சக்கர வண்டியில் இதை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். நமக்கு ஆகாது, ஆனால் கப்பு செட் மலிவு. புதுசு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கடைசியாகத் துரு. இந்த ஊர்ச் சாரலில் துரு உள்ளே இருந்து தின்னும், வெளிப் பெயின்ட் பளிச்சென்று இருக்கும். சீட் கம்பியை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாகப் பிடித்தேன். காப்பிக் கலரில் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. பயந்துபோய் பெடல் அச்சுப் பெட்டியின் அடியை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டித் தட்டிப் பார்த்தேன். கணீர் என்று கேட்டது. தின்றுபோன பைப் என்றால் சத்தம் மந்தமாக வரும், சில நேரம் ஸ்க்ரூ டிரைவரே உள்ளே போய்விடும். உள்ளே டார்ச் அடித்ததில் மேல்துருதான். சீட் கம்பி உருவ முடியாமல் இறுகிப்போன வண்டியாக இருந்தால் மற்றது எல்லாம் நன்றாக இருந்தும் திரும்பியிருப்பேன். பெரியப்பாவின் கால் நீளத்துக்குச் சீட்டை இறக்க முடியாவிட்டால் என்ன பயன்?

பார் இல்லாத ஃபிரேம் இயல்பிலேயே கொஞ்சம் முறுக்கும். இதில் ஹெட் பைப்பிலிருந்து இரண்டு பைப் இணையாகக் கீழே இறங்கியதால் அந்தக் கவலை குறைவு.

அச்சு வேலை

வத்தலக்குண்டில் ஒரு லேத் பட்டறையில் அச்சுத் தண்டாக 20 மில்லிமீட்டர் சாஃப்ட், அதைத் தாங்கும் பேரிங் பெட்டியான பிளம்மர் பிளாக் இரண்டு, சதுரக் குழாய்ச் சட்டம். சாதாரண சைக்கிள் ஹப்பை அப்படியே போடக் கூடாது. அதன் ஆக்ஸில் 10 மில்லிமீட்டர் கம்பி, இரண்டு பக்கமும் பிடிமானம் இருந்தால்தான் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் முதல் குழியிலேயே வளையும். தடித்த ஹப் கடைந்து வாங்கினோம். ஃப்ரீவீல் மரையை லேத்தில் வெட்டுவது தலைவலி என்று, பரணில் கிடந்த முதல் வண்டியின் பின் ஹப்பில் மரை உள்ள துண்டை மட்டும் அறுத்துச் சாஃப்ட்டில் பற்றவைத்தோம். 1,800 ரூபாயில் உருப்படியானது அந்த இரண்டு இன்ச் இரும்புதான்.

அச்சு நீளத்தை முடிவு செய்தது பெரியப்பா வீட்டு கேட். 75 சென்டிமீட்டர் வாசல், ஆகவே சக்கரத்துக்குச் சக்கரம் 68. அகலம் கூடினால் நல்லதுதான், ஆனால் வண்டி வீட்டுக்குள் போக வேண்டுமே.

இரண்டு சக்கரத்தையும் செயின் இழுத்தால் திருப்பத்தில் ஒன்று இழுபடும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் அதற்கு வேண்டும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-லேயே மூன்று சக்கர மிதிவண்டிக்கு அதைச் செய்துவிட்டார், வத்தலக்குண்டில் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு சக்கரம் மட்டும் இழுக்கட்டும் என்று விட்டோம். எது? இடது. நாம் இடது ஓரமாகப் போகிறோம், ரோடு இடது பக்கம் சரிந்திருக்கும், வண்டி இடது பக்கமே வழியப் பார்க்கும். இடது சக்கரம் உந்தினால் வண்டி லேசாக வலது பக்கம் திரும்பப் பார்க்கும். ஒன்றுக்கு ஒன்று கணக்கு நேராகிவிடும்.

பிரேக் இரண்டும் வலது கைக்கு. முன் வி-பிரேக்குக்கு ஒரு பிடி. சாஃப்ட்டில் போட்ட டிஸ்க்குக்கு, இழுத்தால் பூட்டிக்கொள்ளும் இன்னொரு பிடி. சாஃப்ட் பிரேக் இடது சக்கரத்தை மட்டும் பிடிப்பதால் வேகத்தில் அழுத்தினால் வண்டி இடது பக்கம் வெட்டும். அது பெரும்பாலும் நிறுத்தி வைக்கத்தான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டால் நிற்கும். இது மலைச் சரிவில் விட்டால் ஏரிக்குள் போய்த்தான் நிற்கும்.

முன்னே 36 பல், பின்னே 20. பெடல் ஒரு சுற்றுக்கு மூன்றரை மீட்டருக்குள். மெதுவாகத்தான் போகும், போகட்டும். பின்னாளில் முன் சக்கரத்தில் மோட்டார் போடும் யோசனையும் உண்டு. 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்புக்குள் இருந்தால் பதிவும் உரிமமும் தேவையில்லை. அதற்கும் இரும்பு ஃபோர்க் வேண்டும்.

ஓட்டத் தெரிந்தவர்கள் விழுந்தார்கள்

முதலில் ஓட்டியது நான். பத்து மீட்டர் போவதற்குள் நேராகச் சாக்கடை ஓரத்துப் பூச்செடிக்குள் போனேன். சைக்கிள் ஓட்டிப் பழகிய உடம்பு ஹேண்டிலைத் திருப்புவதில்லை, சாய்கிறது. சாயாத வண்டியில் சாய்ந்தால் எங்கே போகும்? அடுத்து அக்கா மகன், அதே செடி. பெரியம்மா வாழ்நாளில் சைக்கிளைத் தொட்டதில்லை. "தள்ளுங்கடா" என்று ஏறி உட்கார்ந்து, திருப்பினால் திரும்புகிறது என்று நேராகப் போய் நேராக வந்தார்.

பெரியப்பாவுக்குப் பழக்கத்தை மறக்க நான்கு நாள் ஆனது. திருப்பத்தில் வேகம் கூடாது என்பதைச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை, காட்டித்தான் புரிந்தது. இந்த அகலத்துக்கும் சீட் உயரத்துக்கும் ஐந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 12 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கினாலே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். படகுத்துறைத் திருப்பத்தில் நானே ஓட்டிச் சக்கரம் தூக்குவதைக் காட்டினேன். அதற்குப் பிறகு திருப்பத்துக்கு முன்பே பிரேக்கைத் தொட்டுவிடுகிறார். இடது கால் பெடலில் நிற்காமல் நழுவியதற்குக் குதிகாலைப் பிடிக்கும் தகடும் ஒரு பட்டையும் வைத்தோம்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. மழை நாள் போகத் தினமும் ஒரு சுற்று, வழியில் ஒரு டீ. பழைய கருப்பு வண்டியின் மணியை மட்டும் கழற்றி இதில் மாட்டச் சொன்னார், மாட்டியாயிற்று. முன் பிரேக் கட்டை இரண்டு முறை மாற்றினேன், அந்த இருநூறு மீட்டர் இறக்கம்தான் காரணம். புதிய கப்பு செட் இன்னும் ஆடவில்லை. இழுக்கிற இடது பின் டயர் வலதை விட வேகமாகத் தேய்கிறது. இந்த வாரம் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். பரணில் இருக்கும் புது டயரைப் போடலாம் என்று பார்த்தால் அது 26 இன்ச். வாடகைக் கடைக்காரர் 24 இன்ச் ரிம்மில் எப்படியோ திணித்து ஓட்டியிருக்கிறார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது வேறு வண்டியுடையது, நான்தான் கலந்து வைத்துவிட்டேன். 24 இன்ச் டயர் பரணில் அடியில் கிடக்கிறது, தேடி எடுக்க வேண்டும்.